மூன்றாவது லைனில் நாலு முட்டை

ராயபுரம் பாஸ்கலுக்குத் திருவொற்றியூர் சரக்கு யார்டில் கீமேன் வேலை. விடிந்ததும் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு தண்டவாளத்தோடு நடந்து, தளர்ந்த கிளிப்புகளைத் தட்டி இறுக்க வேண்டும். குனிந்த தலையோடு நடப்பவர் என்பதால் மற்றவர் பார்க்காததெல்லாம் அவர் கண்ணில் படும். எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடும். உச்சி வெயிலில் தட்டான் வாலை வானத்துக்கு நிமிர்த்தி நிற்கும். கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சானுக்கு, வண்டி கிளப்பிவிடும் பூச்சிகள்தான் சாப்பாடு. ஒருநாள் சரக்கு வண்டி இரண்டு மணி நேரம் தாமதமானதும் அது ஸ்டேஷன் மாஸ்டர் ஜன்னலில் போய் உட்கார்ந்து விசாரித்தது. பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

போன மே மாதம் மூன்றாவது லைன் ஓர ஜல்லியில் ஆள்காட்டிக் குருவி நாலு முட்டையிட்டது. முட்டை எது, கல் எது என்று தெரியாது. யாராவது மிதித்துவிடப் போகிறார்களே என்று பாஸ்கல் பக்கத்து ஸ்லீப்பர் கட்டையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டார். இரவு சாப்பிடும்போது மனைவி ஜெஸ்லினிடம் பெருமையாகச் சொன்னார்.

"ஸ்லீப்பர்ல சுண்ணாம்பு போட்டா இன்னா அர்த்தம்? நீதான எனுக்குச் சொல்லிக்கீற?" என்றாள் அவள்.

ஸ்லீப்பரில் சுண்ணாம்புக் குறி என்றால், தண்டவாளம் தாழ்ந்திருக்கிறது, இங்கே ஜல்லியைக் கிளறி இடி என்று அர்த்தம்.

குறியை அழிக்கலாமென்று மறுநாள் ஓடினார். வெயிலுக்கு முந்தி மேஸ்திரி வேலப்பன் ஆறு பேரோடு வந்துவிட்டிருந்தார். ஆள்காட்டி அவர்கள் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றித் திட்டியது. அசல் காசிமேட்டு வசவு.

"லெவல் கரெக்டாத்தான் கீது. எந்தப் புண்ணியவான் குறி போட்டான்?" என்றார் வேலப்பன். "சரி, இடிச்சுட்டே போவலாம். எடு ஜல்லி இடிக்கிற பீட்டர் கம்பியை."

பொய்க்குறி போட்டவனுக்கு மெமோ நிச்சயம். வாயைத் திறக்காவிட்டால் முட்டை போச்சு.

"நான்தான் போட்டேன் மேஸ்திரி. முட்டை கீது."

"இன்னா கீது?"

"முட்டை. நாலு."

"நீ இன்னும் டிபன் துன்னலியா?"

ஆறு பேரும் குனிந்து தேடினார்கள்; ஒருவருக்கும் தெரியவில்லை. பாஸ்கல் விரல் வைத்துக் காட்டினார். வேலப்பன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மெமோ எழுதுனா காரணம் எழுதணும் நைனா. குருவி முட்டைன்னு எழுதுனா மேல கீறவன் என்னைத்தான் லூசும்பான். அந்தக் குறியை அழி. நாலாவது லைன்ல பத்துக் கட்டை கீது, நீயே தனியா இடி."

பாஸ்கல் மதியம் வரை இடித்தார்.

இருபத்தைந்து நாள் கழித்து மூன்று குஞ்சுகள் பொரிந்து, ஈரம் காய்ந்ததும் தாயோடு ஓடிப்போயின. நாலாவது முட்டை பொரியவில்லை.