மேடைக்காக நிறுத்திய மோட்டார்

லஃப்தா பத்தொன்பது வருடமாக ஒரே வேலையைத்தான் செய்துவந்தான். ஊர்க் கழிவையெல்லாம் மோட்டார் போட்டு டைக்ரிஸ் ஆற்றில் தள்ளுவது. சுத்திகரிப்பு நிலையம் வரப்போகிறது என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் சொன்னார்கள். வந்தது புதுக் குழாய் மட்டும், முன்னதைவிடப் பருமனாக.

அவன் ஆற்று மீனைத் தொடுவதில்லை. விருந்துக்குப் போன இடத்தில், சுட்ட மீனை எல்லோரும் விரல் சூப்பித் தின்னும்போது எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். தொழுகைக்குக் கைகால் கழுவக்கூடக் கடையில் வாங்கிய தண்ணீர்தான். ஆற்றில் என்ன கலந்திருக்கிறதென்று அவனைவிட யாருக்குத் தெரியும்?

குழாயிலிருந்து ஆற்றோட்டத்தில் இருநூறு அடி கீழே, மந்தாயர்கள் என்னும் பழைய சிறு மதத்தாரின் படித்துறை. ஓடும் நீரில் முங்கி எழுவதுதான் அவர்களுடைய வழிபாடே. ஒருகாலத்தில் நாற்பது குடும்பங்கள், இப்போது ஐந்து. ஞாயிறு காலையில் வெள்ளை உடுத்தி அந்தத் தண்ணீரில் அவர்கள் இறங்குவதைப் பார்த்தாலே லஃப்தாவுக்குக் குமட்டும். அவர்கள்மேல் அல்ல, தன்மேல். அதனால் ஞாயிறுதோறும் யாருக்கும் சொல்லாமல் ஒரு மணி நேரம் மோட்டாரை நிறுத்திவைப்பான். அதற்குமேல் தொட்டி தாங்காது. தாழ்வான குடியிருப்புக்குள் கழிவு திரும்பிவிடும்.

அந்த வசந்தத்தில் பொறியாளர் அத்னான் வந்து நின்றார். லஃப்தாவை மகன் பெயரை வைத்து அபூ ஜாசிம், ஜாசிமின் அப்பா, என்றுதான் கூப்பிடுவார்.

"வியாழக்கிழமை மூணு மணி நேரம் மோட்டார் ஓடக்கூடாது, அபூ ஜாசிம். எல்லா மதப் பெரியவங்களும் வர்றாங்க. தண்ணியக் காப்பாத்துறதப் பத்திப் பேசப்போறாங்க."

"ஒரு மணி நேரம்தான் தாங்கும், உஸ்தாத்."

"நாத்தத்துக்கு நடுவுல எப்படிய்யா பேசுவாங்க? டிவிக்காரன் வேற வர்றான்."

"நாத்தம் இருந்தாத்தானே பேசவேண்டிய விஷயம் புரியும்?"

"வாயக் குறைச்சுக்கோ. சொன்னதச் செய்."

வியாழனன்று கரையில் கம்பளம் விரித்தார்கள், பன்னீர் தெளித்தார்கள். மோட்டார் அறையின் ஜன்னலுக்கு ஒலிபெருக்கி தெளிவாகவே கேட்டது. மௌலவி பேசினார்: ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் கைகால் கழுவும்போது தண்ணீரை வீணாக்காதே என்பது நபிவாக்கு. பாஸ்ராவிலிருந்து வந்த பாதிரியார், பூமி கடவுளுடைய தோட்டம், மனிதன் அதற்கு வெறும் காவல்காரன் என்றார். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இத்தனை நல்ல சொற்களையும் அவன் மூடிவைத்த குழாயின் தலைமாட்டில் நின்றுகொண்டு சொன்னார்கள். குடித்த பாட்டிலை முன்வரிசை அதிகாரி ஒருவர் திரும்பிப் பாராமல் ஆற்றில் வீசினார்.

போன் அடித்தது. தாழ்வான குடியிருப்பிலிருந்து அக்கா வஸ்ஃபியா.

"டேய், என்னடா பண்ணித் தொலைச்சே? கக்கூஸ்ல இருந்து மேல வருதுடா! ரொட்டி அடுப்பு வரைக்கும் வந்துருச்சு. பிள்ளைங்கள கட்டில்மேல ஏத்தி வச்சிருக்கேன்!"

அவன் மேடைக்குப் பின்னால் ஓடி அத்னானின் சட்டையைப் பிடித்தான்.

"வீட்டுக்குள்ள வந்துருச்சு, உஸ்தாத்."

"இன்னும் நாப்பது நிமிஷம். அவங்களுக்கு இது பழகிப்போனதுதானே?"

லஃப்தா திரும்பி நடந்துபோய் மோட்டாரைப் போட்டான்.

இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அடைபட்டிருந்தது மொத்தமாக வெளியே பாய்ந்தது. கரை முழுக்கக் கருப்பு நுரை. மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தவர்கள் அங்கிகளைத் தூக்கிப் பிடித்தபடி கார்களுக்கு ஓடினார்கள். கேமராவை மூடிவிட்டார்கள்.

மந்தாயர்களின் குரு ஷேக் ஸிஹ்ரூன் மட்டும் நகரவில்லை. கடைசியாக ஐந்து நிமிடம் அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். மைக்கை யாரோ பிடுங்கிக்கொண்டு போயிருந்ததால் வெறும் நாற்காலிகளைப் பார்த்துச் சொன்னார்:

"ஓடுற தண்ணிக்கு உயிர் இருக்குன்னு நம்புறவங்க நாங்க. அதுல சிறுநீர் விட்டாலே பாவம். இவ்வளவுதான் சொல்லணும்னு வந்தேன்."

பிறகு மோட்டார் அறை வாசலுக்கு வந்தார்.

"ஞாயித்துக்கிழமை நிறுத்துறது நீதானே?"

"ஆமா, ஷேக். இன்னிக்கு என்னைய மன்னிச்சிருங்க. அக்கா வீட்டுக்குள்ள வந்துருச்சு."

"இன்னிக்கு நீ போட்டதுதான் சரி. வீட்டுக்குள்ள மனுஷங்க இருக்காங்கல்ல. போ, அக்காவப் பாரு."

அன்று மாலை முழுக்க வஸ்ஃபியாவின் வீட்டில் மண்வெட்டியால் வழித்தான். மாவு மூட்டை, மெத்தை, பிள்ளைகளின் பாடநூல்கள் எல்லாம் குப்பைக்குப் போயின. செய்தியில் மௌலவியும் பாதிரியாரும் கைகுலுக்கும் காட்சி வந்தது. பின்னால் ஆறு பளபளத்தது. லஃப்தா வாசலுக்குப் போய் வாந்தியெடுத்தான்.

ஒழுங்கீனம் என்று எழுதி அவனைப் பேருந்து நிலையக் காவலுக்கு மாற்றினார்கள். புதிதாக வந்தவனிடம் ஞாயிறு விஷயத்தைக் கெஞ்சிச் சொல்லிப் பார்த்தான். "உனக்கு அவங்க என்ன குடுத்தாங்க?" என்று கேட்டான் அவன். ஞாயிறும் மோட்டார் ஓடியது. கோடைக்குள் மந்தாயர்கள் கோயில் முற்றத்தில் சிமெண்ட் தொட்டி கட்டி, ஒரு பக்கம் குழாய்த் தண்ணீரை விட்டு மறுபக்கம் வழியவிட்டு, அதை ஓடும் நீர் என்று வைத்துக்கொண்டார்கள்.