சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

பழைய இத்தாலி ரேஸ் சைக்கிள் ஒன்று விற்பனைக்கு வருகிறது என்று தெரிந்ததும் தேனியிலிருந்து கிளம்பிவிட்டேன். வேறு யாராவது முந்திக்கொள்வார்களோ என்று வழியெல்லாம் பதற்றம். சின்னமனூரைத் தாண்டி, மேகமலைச் சாலை ஏறத் தொடங்கும் இடத்தில் வீடு. முட்டிவலி வந்ததால் அந்த வீட்டு அக்கா அதை விற்கிறார்.

ஃபிரேமைத் தட்டிப் பார்த்தேன். கியரை மாற்றிப் பார்த்தேன். எல்லாமே அசல். சரிவில் ஒருமுறை வேகமாக இறங்கிப் பார்த்துவிட்டால் முடிந்தது.

"இருங்க தம்பி, வண்டி கைமாறப் போகுதுல்ல" என்று முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார் அக்கா. இன்னும் வாங்கவே இல்லையே என்று எனக்கு எரிச்சல். பழம் வேறு உருண்டது. அதைத் திரும்ப வைக்க மண்டியிட்டேன்.

அப்போதுதான் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் அடிப்பக்கம் கண்ணில் பட்டது. மயிரிழை போல ஒரு கோடு. வெறும் கீறலாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே நகத்தால் சுரண்டினேன். பெயிண்ட் உதிர்ந்தது. கோடு இரும்பிலும் ஓடியது.

"அக்கா, விரிசல் விட்டிருக்கு. வேகமாப் போனா முறிஞ்சிரும்."

அவர் குனிந்து பார்த்தார்.

"நேத்து எம் மக இதுலதான் மலையில இருந்து எறங்குனா. கடைசியா ஒருக்கா ஓட்டுன்னு நாந்தான் குடுத்தேன்."

இனி யாரும் ஏறிவிடக் கூடாதென்று அங்கேயே முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டார்.

அத்தனை நேரமும் நான் தேடியது அதை வாங்குவதற்கான காரணங்களை மட்டும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பழத்தையே பிழிந்து ஜூஸ் கொடுத்தார் அக்கா.