நான் நீக்கிய பதினொன்றாம் அத்தியாயம்

1. சிவப்பு மை

பிரேசர் டவுனில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தினேன். கடைசி செமஸ்டருக்குப் பத்தொன்பது வருடமும் ஒரே நாவல்தான்.

கதை இதுதான். நைஜீரியாவில் இக்போ மக்களின் ஊர் ஒன்று. அங்கே நிலத் தெய்வத்துக்கு ஒரு தோப்பு. வெள்ளைக்கார அதிகாரி அதை வெட்டிவிட்டுக் கச்சேரி கட்டப் பார்க்கிறான். பூசாரியை விசாரணைக்கு வரவழைத்து, "தோப்பு உங்கள் சாமியுடையதா? ஆமென்று ஒரு வார்த்தை சொல், விட்டுவிடுகிறேன்" என்கிறான். பூசாரி வாயில் ஒரு குருத்தோலையைக் கவ்வியபடி பேசாமல் நிற்கிறார். தோப்பு போய்விடுகிறது.

"பயத்தில் ஓலையைக் கடிக்கிறார். இந்த மௌனம் ஒரு மதத்தின் தோல்வி." இது என் நோட்ஸ். எல்லா பேட்ச்சும் இதையே எழுதி மார்க் வாங்கியது.

நிவேதா மட்டும் அசைன்மென்ட்டில் வேறு எழுதினாள். குருத்தோலையைக் கவ்வினால் பேசா நோன்பு என்று அர்த்தமாம். திருவிழா முடியும்வரை பூசாரி வாய் திறந்தால் ஊருக்கே ஆகாதாம். திருவிழாக் காட்சியில் அது விவரமாக வருகிறதாம்.

நான் நடத்திய பாடத்தில் திருவிழாவே கிடையாது. ஏ.ஐ.யிடம் எழுதி வாங்கினால் இப்படித்தான், இல்லாத காட்சியை இருப்பதுபோல் அளக்கும். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாவலில் இப்படி எதுவும் இல்லை என்று சிவப்பு மையில் எழுதி, முட்டை போட்டு, பிரின்சிபாலுக்குப் புகாரும் அனுப்பினேன்.

மறுநாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். "புக்குல இருக்கு மேடம்."

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்று கத்தினேன். கத்துவதில் எனக்குக் கல்லூரியில் நல்ல பெயர். அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை.

2. விசாரணை

புகார் நிரூபணமானால் அவள் செமஸ்டர் எழுத முடியாது. ஒரு வருடம் போகும், கேம்பஸில் கிடைத்திருந்த வேலையும் போகும். அப்பாவை அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். முனுசாமி பீன்யாவில் லேத் ஆபரேட்டர், ஒக்கலிபுரத்தில் வீடு. ஷிப்டில் பெர்மிஷன் போட்டுவிட்டு யூனிஃபார்மோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

பிரின்சிபால் வடக்கத்திக்காரர். தமிழ், கன்னடம் இரண்டும் வராது. முனுசாமிக்கு ஆங்கிலம் வராது. அதனால் மொழிபெயர்க்கும் வேலையும் எனக்கே வந்தது.

"பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வேன்" என்று பிரின்சிபால் நிவேதாவிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அவள் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாவலில் அந்த அதிகாரி சொல்வதும் கிட்டத்தட்ட இதே பேச்சு.

நான் முனுசாமியிடம் திரும்பினேன். "உங்க பொண்ணு கதையில இல்லாததை எழுதியிருக்கா. ஓலையை வாயில வெச்சா பேசக் கூடாத நோன்பாம்."

"அதுல இன்னா மேடம் தப்பு? நானே ஆடி மாசம் மாரியம்மனுக்கு வாயைக் கட்டிக்குவேன். வாய்ப்பூட்டும்பாங்க. கரகம் கோயிலுக்கு வந்து சேர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஒரு வாட்டி சூப்பர்வைசர் போன் மேல போன் போட்டாரு. எடுத்துட்டு கம்முனு நின்னேன். திமிருன்னு மெமோ குடுத்துட்டாரு. இவ இந்தப் பூசாரி கதைய சொன்னப்போ, 'நம்ம ஆளும்மா அவரு'ன்னேன்."

அவர் பேசப் பேச, மடியில் இருந்த என் சொந்தப் பிரதியைப் புரட்டினேன். கடைகளில் கிடைக்காத புத்தகம். அதிலிருந்துதான் வருடா வருடம் ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். பதினொன்றாம் அத்தியாயத்தின் தலையில் என் பென்சில் எழுத்து: "வேண்டாம். வெறும் திருவிழா."

முதல் வருடம் ஜெராக்ஸ் கடைக்காரருக்காக எழுதியது. கதை நகராது, பரீட்சைக்கு வராது என்று விட்டேன். அப்படி ஒரு அத்தியாயம் இருந்ததையே பிறகு மறந்துபோனேன். மூன்று தலைமுறையாகச் சர்ச்சுக்குப் போகிற வீடு எங்களுடையது. பலியும் சாமியாட்டமும் வகுப்பில் எதற்கு என்ற நினைப்பும் அப்போது இருந்தது, அதை இனி மறைப்பானேன். அந்த அத்தியாயத்தின் இரண்டாம் பக்கத்திலேயே குருத்தோலை இருந்தது. நிவேதா எழுதிய அத்தனையும் இருந்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"என்ன சொல்கிறார்?" என்றார் பிரின்சிபால்.

"மகள் நல்லவள் என்கிறார்" என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். பென்சில் எழுத்தை வேறு யாரும் பார்க்கவில்லை. அப்படியே சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன். மேஜைமேல் அசைன்மென்ட்டின் கடைசிப் பக்கம் திறந்து கிடந்தது. "அதிகாரிக்கு அந்த வழக்கம் தெரியாது. பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளன் அதே ஊர்க்காரன், அவனுக்குத் தெரியும். வேலை போய்விடும் என்று சொல்லாமல் இருந்தான்" என்று எழுதியிருந்தாள். அதன்மேலும் நான் சிவப்பு மையில் சுழித்து வைத்திருந்தேன்.

புத்தகத்தை விரித்து பிரின்சிபால் முன்னால் வைத்தேன். முனுசாமி சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். பிறகு, "இவள் எழுதியது புத்தகத்தில் இருக்கிறது சார். நான்தான் அதை நீக்கினேன்" என்றேன். பிரின்சிபால் அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்தார். அங்கேயே உட்கார்ந்து புகாரை வாபஸ் வாங்கி எழுதிக் கொடுத்தேன்.

3. வாசலில்

"உனக்கு முழுப் புக்கும் எங்க கெடச்சுது?" என்று நிவேதாவிடம் கேட்டேன்.

"கப்பன் பார்க் பக்கம் ஒரு லைப்ரரியில மேடம். வெளிய எடுத்துட்டுப் போக விடமாட்டாங்க. நாலு சனிக்கிழமை உக்காந்து படிச்சேன்."

இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். முனுசாமி சிரித்தார். "நீங்களாவது கேக்கறீங்க. எனக்கு மெமோ குடுத்தவரு இன்னும் கேக்கல மேடம்."

கேட் வரை போன நிவேதா திரும்பி வந்தாள். "மேடம், பழைய பேட்ச்சுங்களுக்கெல்லாம் யாரு சொல்லுவாங்க?"

அடுத்த பேட்ச்சுக்கு முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் எடுத்தேன். போன வருடம் ஓய்வு பெற்றேன். புதிதாகப் பாடம் நடத்த வருகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், எதை நடத்தலாம் என்பதற்கு முன்னால் எதை விடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள் என்கிறேன்.

என்னிடம் படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால், "பயத்தில் ஓலையைக் கடிக்கிறார்" என்று உங்கள் நோட்டில் இருக்கும். அதை அடித்துவிடுங்கள். அவர் பயப்படவில்லை. நோன்பில் இருந்தார்.