கழுத்தைத் திருப்பிய வாத்து

வெஸ்ட் வின்ட்சருக்குக் குடிவந்த புதிதில் எனக்கு இருந்த ஒரே தோழி எதிர் அபார்ட்மெண்ட் சீனத்துப் பெண்தான். கார் ஓட்டத் தெரியாத என்னைக் கடைக்குக் கூட்டிப்போவதும் அவள்தான். இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. அதனாலேயே கூச்சமில்லாமல் பேசிக்கொண்டோம்.

அவள் வீட்டு டிவி மேல் பச்சையும் தேன்நிறமும் வழிந்து பளபளக்கும் மண் வாத்து ஒன்று இருந்தது. கழுத்தைப் பின்னால் திருப்பி, தன் முதுகிலிருந்த கிண்ணத்தின் விளிம்பை அலகால் கவ்விக்கொண்டிருந்தது. பூச்சாடியா, சாம்பல் கிண்ணமா? என் கை சும்மா இருக்குமா, கவிழ்த்தே பார்த்துவிட்டேன். குடிக்கிற கோப்பையாம். அந்தக் காலத்து மதுக் கோப்பையைப் பார்த்துச் செய்தது, அவள் அம்மா கொடுத்தனுப்பியது.

"இதில் எந்தப் பக்கம் வாய் வைப்பது? கழுத்து இடிக்காதா?" என்று கேட்டேன். நீயே குடித்துப் பார் என்று கழுவித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

கேட்ட எனக்கே வாய் வைக்கத் தோன்றவில்லை. அடுத்தவர் பாத்திரத்தில் எச்சில் படாமல் குடிப்பதுதான் எங்கள் வீட்டில் மரியாதை. கை தானாகத் தூக்கிவிட்டது. அண்ணாந்து ஊற்றினேன். டம்ளரிலிருந்து ஒழுங்காக வாயில் இறங்கும் தண்ணீர், அலகில் பட்டுச் சிதறி மூக்கிலும் கழுத்திலும் இறங்கியது.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நன்றாகத்தானே கழுவினேன்?" என்றாள்.

எச்சிலை ஆங்கிலத்தில் எப்படி விளக்குவது? "கோப்பை அழுக்கில்லை, என் வாய்தான்..." என்று உளறினேன். தலையாட்டிவிட்டு, வாத்தை வாங்கி டிவி மேல் வைத்தாள்.

நனைந்த சுடிதாரைப் பார்த்து என் கணவர், "தண்ணி குடிக்கப் போனியா, குளிக்கப் போனியா?" என்றார்.

"அவ இனிமே என்கூடப் பேச மாட்டா" என்று அழுதேன்.

"ஓவரா திங்க் பண்ணாத. சாரி சொல்லிடு, சரியாப் போயிடும்."

எதற்கு சாரி என்று சொல்வது? வாரம் முழுக்க அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன், தட்டத்தான் தைரியமில்லை.

பிறகு ஒரு மதியம் அவளே வந்து தண்ணீர் கேட்டாள். எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தேன். அண்ணாந்து, டம்ளரை உயரத் தூக்கி, மடமடவென்று ஊற்றிக்கொண்டாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. வீட்டில் பழகிப் பார்த்திருக்கிறாள்!

டம்ளரை வைத்துவிட்டுப் பையிலிருந்து வாத்தை எடுத்துத் தண்ணீர் நிரப்பினாள்.

"இப்போது நீ" என்றாள்.

அலகுக்கு எதிர்ப்பக்கம் விரலால் காட்டினாள். அங்கே வாய் வைத்தேன். கழுத்து இடிக்கவே இல்லை. பாதி குடித்து நிறுத்தினேன். மிச்சத்தை அவள் வாங்கிக் குடித்தாள், நான் வாய் வைத்த அதே இடத்தில்.