கதை சொன்னவ செத்த இடம்

முச்சனேட்டாங்கற பேருக்கு ‘நீங்களேதான் களைச்சுப்போவீங்க’ன்னு அர்த்தம். மாமியாரோட மல்லுக்கட்டின காலத்துல அவ அம்மா வச்ச பேரு. எங்க ஷோனா ஜனங்க அப்படித்தான். வாய்விட்டுச் சொல்ல முடியாத கோவத்தைப் பிள்ளைக்குப் பேரா வச்சுடுவாங்க, அப்புறம் தெரு முழுக்க அதைச் சத்தம் போட்டுக் கூப்பிடலாம்ல.

குவேரு ஊர்ல ம்கோபா குடியிருப்புல இருந்தா. சந்தையில பழைய துணி வித்தா. புருஷன் போய்ச் சேர்ந்தாச்சு, பிள்ளை இல்ல. தம்பியும் செத்துட்டான். தம்பி பொண்டாட்டி ஜோஹன்னஸ்பர்க்ல வீட்டு வேலை செய்யறா. தம்பி பொண்ணு நெட்சாய் இவகிட்ட வளர்ந்தா. எங்க ஊர்ல அத்தைன்னா அப்பனுக்குச் சமம், அதுல கேள்வியே கிடையாது.

முச்சனேட்டாகிட்ட இருந்த ஒரே சொத்து குரல். ஒரு சாவு வீட்டுல அவ பாடினதை ஷிங்கின்னு ஒரு ஹராரே பையன் கேட்டான். பிள்ளைங்க ஷோனாவுல எழுதப் படிக்க இணையத்துல ஒரு பக்கம் நடத்தறவன். “அத்தை, உங்க குரல் வேணும்”னான். வேலைக்குச் சீட்டு கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, போனுக்கு டேட்டா போட்டுவிடுவான், மாசக் கடைசியில ஏதோ அனுப்புவான். இந்தக் காலத்து முதலாளிங்க சட்டையைத்தான் மாத்தியிருக்காங்க, வேற ஒண்ணையும் மாத்தல. இவ ஒத்துக்கிட்டா. வெளிச் சத்தம் விழாம இருக்க அலமாரிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு, சுத்திலும் கம்பளியைத் தொங்கவிட்டு, போன்ல கதை சொல்லுவா.

எங்க கதைக்கு ஒரு முறை இருக்கு. சொல்றவ ஒரு வரி சொன்னா, கேக்கறவங்க ‘ட்செப்புண்டே’ங்கணும், உம் கொட்டற மாதிரி. கதை முடிஞ்சா ‘கதை சொன்னவ இங்கதான் செத்தா’ன்னு சொல்லி முடிக்கணும். அதைச் சொல்லாம யாரும் எழுந்திரிக்க மாட்டாங்க. ஏன்னு யாரும் கேட்டதில்ல. எரியற அடுப்பை விட்டுட்டுத் தூங்கப் போவோமா?

ஷிங்கி அந்த வரியைத்தான் வெட்டினான்.

“அத்தை, இங்கிலாந்துல இருந்து ஒரு அம்மா புகார் பண்ணியிருக்காங்க. தூங்கற பிள்ளை காதுல சாவு எதுக்குன்னு கேக்கறாங்க.”

“அது சாவு இல்லடா, கதவைச் சாத்தறது.”

“சாத்தவே வேணாம். பாதியில நிறுத்துங்க. ‘மிச்சத்தை நீ எழுது’ன்னு சொல்லுங்க. பிள்ளைங்க எழுதிப் பழகட்டும்.”

யோசனை நல்ல யோசனைதான், அதை ஒத்துக்கணும். பிள்ளைங்க கதையைக் கேட்டாங்க, மிச்சத்தை எழுதி அனுப்பினாங்க. முயல் முதலையை ஏமாத்துச்சு, குரங்கு கல்யாணத்துல வழுக்கி விழுந்துச்சு. முச்சனேட்டா ஒவ்வொண்ணையும் படிச்சு, தப்பு எழுத்தைத் திருத்தி, குரல்லயே பதில் போடுவா. “சபாஷ்டா கண்ணு, ஆனா முதலைக்குக் கொம்பு ஏது?” சந்தையில துணியை விரிச்சுக்கிட்டே சிரிப்பா.

அப்புறம் பெய்ட்பிரிட்ஜ்ல இருந்து ஒரு பையன் எழுதினான். முயலும் இல்ல, முதலையும் இல்ல. ‘கதை சொன்ன அம்மா எங்க கதவுக்கு வெளிய நிக்கிறாங்க இன்னும் முடியலையாம் உள்ள வரலாமான்னு கேக்கறாங்க’. கடைசியில முற்றுப்புள்ளி இல்ல. சின்னப் பையன், மறந்திருப்பான்னு விட்டுட்டா. அடுத்த வாரம் இங்கிலாந்துல லீட்ஸ்ல இருந்து ஒரு பொண்ணு அதையே எழுதினா. அப்புறம் ஹ்வாங்கேல இருந்து. ஒருத்தரை ஒருத்தர் பார்த்தே இருக்காத பிள்ளைங்க. எல்லாத்துலயும் அதே கதவு. ஒண்ணுலயும் புள்ளி இல்ல.

ஷிங்கிக்கு போன் போட்டா. அவன் குதிச்சான். “பக்கத்துக்கு வர்ற கூட்டம் ரெண்டு மடங்காயிருக்கு அத்தை! விடாதீங்க!”

“கூட்டம் இருக்கட்டும்டா. அங்க நிக்கிறது யாரு?”

“பிள்ளைங்க கற்பனை அத்தை. அதுக்குத்தானே பக்கமே நடத்தறோம்.”

ஒரு மத்தியானம். கரண்டு இல்ல, தெருவே வெயில்ல சுருண்டு கிடக்கு. முச்சனேட்டா களி கிண்டி, கீரையை வதக்கி வச்சு, “நெட்சாய், வாடி சாப்பிட!”ன்னு கூப்பிட்டா. பொண்ணு முன் அறையில முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா, கண்ணு வாசல் துணித்திரை மேல. போன் இவ இடுப்புல இருக்கு, பொண்ணு கையில இல்ல. இருந்தாலும் நெட்சாய் சரியான இடைவெளி விட்டு, “ட்செப்புண்டே... ட்செப்புண்டே...”ங்கறா.

“யாருக்குடி உம் கொட்டற?”

“உஷ்! அத்தை பேசிட்டிருக்காங்க.”

“நான்தான்டி அத்தை.”

“நீங்க இல்ல. கதவுகிட்ட இருக்காங்களே, அவங்க.”

திரை லேசா உள்பக்கம் உப்பியிருந்துச்சு, ஒரு ஆள் தோளைச் சாய்ச்சு நிக்கிற மாதிரி. காத்தே இல்லாத மத்தியானம். முச்சனேட்டா போய்த் திரையை இழுத்தா. வெளிய எதிர்வீட்டு பிளெஸ்ஸிங் அம்மா துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தா. “என்னடி, இப்பத்தான் உள்ள போன, அதுக்குள்ள வெளிய வர்ற?”ன்னு கேட்டா.

அன்னையில இருந்து நெட்சாய் தட்டைத் தொடல. “அவங்க முதல்ல சாப்பிடட்டும்”பா. கன்னம் ஒட்டிப்போச்சு. இவ முகம் பார்த்துப் பேசறதே நின்னுபோச்சு. முச்சனேட்டா ஏதாவது கேட்டா, அவளைத் தாண்டிக் கதவைப் பார்த்துப் பதில் சொல்லும். பள்ளிக்கூடத்து டீச்சர் கூப்பிட்டனுப்பினாங்க. “என்ன எழுதச் சொன்னாலும் ஒரே வரியைத்தான் எழுதறா. பக்கம் தீர்ந்தா மேஜையில எழுதறா. உடம்புக்கு ஏதாவதா?” பொண்ணு கையை விட்டுப் போகுதுன்னு முச்சனேட்டாவுக்குத் தெரிஞ்சுபோச்சு.

பிளெஸ்ஸிங் அம்மாகிட்டச் சொன்னா. சந்தை முழுக்க வாய் பேசற பொம்பளை, அன்னைக்குத் துணியை மடிச்சு வச்சுட்டுக் கேட்டா.

“எத்தனை கதையைத் திறந்து விட்ட?”

“கணக்கு வச்சேனா என்ன? அலமாரிக்குள்ள உக்காந்து பேசிட்டே இருந்தேன்.”

“இப்பப் போய்ச் சாத்தினா யாரு சாவா, யோசிச்சியா? முன்னெல்லாம் சொன்ன வாயோட அது போயிடும். இது நாலு ஊர்க் கதவுல நின்னுட்டு வந்திருக்கு. அதுக்கு உன் குரல்தாண்டி உடம்பு.”

“பொண்ணு சாப்பிடலை.”

“நான் போகாதேங்கலை. தெரிஞ்சுட்டுப் போங்கறேன்.”

ஷிங்கிகிட்ட அந்த வரியைத் திரும்பச் சேருன்னு கேட்டா. “பார்க்கலாம் அத்தை, குழுவுல பேசணும்”னான். குழுன்னா அவன்தான். பார்க்கலாம்னா முடியாதுன்னு அர்த்தம், எந்த மேலாளர்கிட்டயும் கேட்டுப் பாருங்க. இணையப் பக்கத்துல குரலை ஏத்தற கடவுச்சொல் இவகிட்டயே இருந்துச்சு. கேட்டு நடக்காததைக் கேக்காமதான் செய்யணும்.

அலமாரிக்குள்ள போகல. முன் அறையிலயே, கதவுக்கு நேரா உக்காந்தா. நெட்சாயை மடியில இழுத்து வச்சுக்கிட்டா, பொண்ணு விறைச்சுக் கிடந்துச்சு. போனைத் தட்டிவிட்டு, முதல் கதையில விட்ட இடத்துல இருந்து ஆரம்பிச்சா. முயல் கரையேறுச்சு. “ட்செப்புண்டே”ன்னா பொண்ணு, கதவைப் பார்த்துக்கிட்டு. அடுத்த கதை. அதுக்கடுத்த கதை. ஒவ்வொண்ணையும் கடைசி வரைக்கும் கொண்டுபோய், “கதை சொன்னவ இங்கதான் செத்தா”ன்னு சொல்லி நிறுத்தினா. ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் மெலிஞ்சுச்சு. தொண்டையில யாரோ துணியை மடிச்சு மடிச்சுத் திணிக்கிற மாதிரி இருந்துச்சு. நிறுத்தல. வெயில் திரும்பி, சுவத்து நிழல் கதவைத் தொட்டப்ப, கடைசிக் கதையோட கடைசி வரியைச் சொன்னா. வெறும் காத்துதான் வந்துச்சு, ஆனா உதடு முழுசாச் சொல்லிடுச்சு.

திரை தட்டையா விழுந்துச்சு.

நெட்சாய் அலறினா. சாவு வீட்டுல பொம்பளைங்க தலையில கை வச்சு அழுவாங்களே, அப்படி. “கொன்னுட்டீங்க! அத்தையைக் கொன்னுட்டீங்க!” முச்சனேட்டாவோட தோளைக் கடிச்சா, உதைச்சா. பிளெஸ்ஸிங் அம்மா ஓடி வந்து, ஒண்ணும் கேக்காம, எழவு வீட்டுக்கு வந்தவ மாதிரி தரையில உக்காந்துட்டா. அழுது ஓஞ்சு, ஆறிப்போன களியை எடுத்து பொண்ணு தின்னா. தட்டு காலியாச்சு.

பெய்ட்பிரிட்ஜ் பையன் அந்த வாரமே முயல் கதை ஒண்ணு அனுப்பினான், முயல் பாட்டுக்கு லாரி ஓட்டுச்சு. ஷிங்கி ஒரு நாள் கத்தினான், அப்புறம் கூட்டம் குறையலைன்னு தெரிஞ்சதும் அடங்கிட்டான்.

முச்சனேட்டாவுக்குக் குரல் திரும்பல. பெரியாஸ்பத்திரி டாக்டர் விளக்கடிச்சுப் பார்த்தாரு, தொண்டை சுத்தமா இருக்குன்னாரு. இன்னமும் பிள்ளைங்க எழுத்தைத் திருத்தறா, தட்டச்சுல பதில் போடறா. சந்தையில விரலைக் காட்டி விலை சொல்றா. சாவு வீட்டுல பாட்டுக்கு இப்ப வேற ஆள்.

நெட்சாய் நல்லா எழுதறா, வகுப்புலயே முதல் ஆளு. பெத்தவங்களைக் கூப்பிட்ட நாள் டீச்சர் அவளைத் தட்டிக்கொடுத்து, “இவ்வளவு நல்லா யாரும்மா சொல்லிக்கொடுத்தது, உங்க அத்தையா?”ன்னு கேட்டாங்க. முச்சனேட்டா பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தா.

“எனக்கு ரெண்டு அத்தை டீச்சர்”னா நெட்சாய். “சொல்லிக்கொடுத்தவங்க செத்துட்டாங்க. இவங்க இன்னொருத்தங்க.”

டீச்சர் முச்சனேட்டாவைப் பார்த்தாங்க. இவ பொண்ணோட கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஆமான்னு தலையாட்டினா.