சுவரைப் பார்த்த சுடர்

பூச்சுக்காரருக்கு அன்று பிடரி விண்விண்ணென்று தெறித்தது. நாளெல்லாம் சாரத்தில் மல்லாந்து கிடந்து கூரையோடு முகம் உரசினால் வேறென்ன ஆகும்? வலியில் காது ஏமாற்றியிருக்கும் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நடந்தது நடந்ததுதான்.

பழைய வீடு. கூடத்துக் கூரையின் நடுவில் பிளாஸ்டரில் ஒரு பெரிய பூ. அதன் இருபுறமும் இரண்டு தீப்பந்தங்கள். ஒன்று வீட்டுக்காரருக்கு, மற்றது வீட்டுக்காரம்மாவுக்கு. சுடர் பூவைப் பார்த்தால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று பொருள். சுவரைப் பார்த்தால் அணைந்துவிட்டார். வீட்டுக்காரரின் பந்தம் ஈரத்தில் பெயர்ந்து விழுந்திருந்தது. அவரோ ஆஸ்பத்திரியில்.

“அவர் வர்றதுக்குள்ள ஒட்டிடுங்க. பூவைப் பாத்து. மாறிடக் கூடாது,” என்றார் வீட்டுக்காரம்மா.

“மாறாதும்மா.”

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கே நிச்சயமில்லை. மல்லாந்து கிடக்கிறவனுக்குத் தலைமாடு கால்மாடு தெரியாது. இத்தனை வருஷமும் கீழே நின்று பார்த்துச் சொன்னவள் அவர் மனைவி. கலவையும் அவள்தான் குழைப்பாள். பதம் வந்ததும் வாளி விளிம்பில் கரண்டியால் இரண்டு தட்டு. பந்தம் மாறியிருந்தால், “திருப்புங்க” என்பாள்.

ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டாள். “ஊராருக்கெல்லாம் ஒட்டுறீங்க. நான் போனா எனக்கு ஒண்ணு ஒட்டுவீங்களா?”

“நீயா போவ? என்னை அனுப்பிட்டுத்தான் அசைவ.”

போன மழையில் காய்ச்சல் வந்து அவள்தான் முதலில் போனாள். அவளுடைய வாளியைக் கழுவிக் கவிழ்த்தபடியே வேலைக்கு வேலை தூக்கித் திரிந்தார். அதில் அவர் கலவை போடுவதில்லை.

அன்று பட்டப்பகல். வீட்டுக்காரம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். வீட்டில் வேறு யாருமில்லை. பூ எந்தப் பக்கம் என்று கூரையில் பென்சிலால் அம்பு போட்டுக்கொண்டார். சாரத்திலேயே கலவை குழைத்தார். பந்தத்தின் முதுகில் அப்பித் தூக்கிப் பிடித்தார்.

டொக்... டொக்.

கீழே... கவிழ்த்து வைத்திருந்த அவள் வாளி.

எலியாக இருக்கும். எலி இரண்டோடு நிறுத்துமா?

“திருப்புங்க.”

அதே குரல். கடைசி வாரத்தில் இருந்தது போல, தொண்டை கட்டிய குரல்.

அம்பு சரியாகத்தான் இருந்தது. அவருக்குத் தெரியும். ஆனால் அந்தக் குரலுக்குப் பழகிய கை...

திருப்பியது. அழுத்தியது.

“நீயா?”

கரண்டியைச் சாரத்தில் போட்டார்.

இறங்கினார்.

கூடம் காலி.

கவிழ்த்த வாளி நிமிர்ந்திருந்தது. உள்ளே புதுக் கலவை. நல்ல பதம்.

மேலே, சுடர் சுவரைப் பார்த்தது.

பெயர்க்க உளியை எடுத்தார். வாசல் கதவு திறந்தது. வீட்டுக்காரம்மா. நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை.

“உங்களுக்கு யார் சொன்னாங்க?”

“எதைம்மா?”

“இப்பதான் போனார். நான் இன்னும் யாருக்குமே சொல்லலையே.”

பூச்சுக்காரர் உளியைக் கீழே வைத்தார். வாளிக்குள் கலவை இறுகிக்கொண்டிருந்தது. சரியாக ஒரு பந்தம் வார்க்கிற அளவுதான் இருந்தது.

அவர் வீட்டுக் கூரை தகரம். அதில் பிளாஸ்டர் பிடிக்காது. மனைவிக்கு ஒரு பந்தம் இன்னும் கடன்.