கோபாலபுரத்து வண்டியின் முன் அச்சு

திருவல்லிக்கேணியில் மெக்கானிக் வலியுல்லாவின் ஷெட்டில் போய் உட்கார்ந்தால், டீ வருவதற்குள் அந்தக் கதை வந்துவிடும். கோபாலபுரம் அம்பி சாரின் அமெரிக்கக் காருக்கு, எண்பது வயதைத் தாண்டிய அந்தக் கிழட்டு வண்டிக்கு, பதினோரு வருஷம் முன்னால் வலியுல்லா இண்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் மாட்டிய கதை. முன் சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்த ஒற்றை இரும்பு அச்சைத் தூக்கிக் கடாசிவிட்டு, ஏதோ ஒரு ஜீப்பின் பாகங்களை வெட்டி, வெல்டிங் வைத்து, ஒவ்வொரு சக்கரமும் தன்பாட்டுக்கு ஏறி இறங்கும்படி செய்தாராம். “மடியில தண்ணி டம்ளர வெச்சுக்கினு மயிலாப்பூர் வரிக்கும் போலாம், ஒரு சொட்டு சிந்தாது” என்பார். அப்படி டம்ளரும் கையுமாக மயிலாப்பூர் போன மகானுபாவர் யார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

இன்னொரு பெருமையும் உண்டு. வேலை முடிந்த வண்டியை அவர் ஓட்டிப் பார்க்க மாட்டார். வண்டிக்காரர்தான் ஓட்ட வேண்டும். இவர் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு, காதாலேயே வைத்தியம் பார்ப்பார். “கை பொய் சொல்லும் சார், காது சொல்லாது.” ஊரே தன்னைக் காது டாக்டர் என்று கூப்பிடுவதாக அவரே சொல்லிக்கொள்வார்.

இந்த நிம்மதியில் மண் அள்ளிப் போட வந்து சேர்ந்தவன் அம்பியின் மகன் அச்யுத். பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிப்பவன். மற்ற நேரத்தில் அதே கம்ப்யூட்டரில், பழைய காரை உரித்து மாற்றிக் கட்டும் ஹாட் ராடு வீடியோ பார்ப்பவன். அப்பாவின் வண்டியில் முன் மட்கார்டுகளைக் கழற்றினான், பானெட்டின் பக்கத் தகடுகளைக் கழற்றினான். கழற்றக் கழற்ற அழகு கூடுகிறதாம்.

“பாய், மட்கார்டு போனப்புறம் அந்த ஜீப் சாமானெல்லாம் அசிங்கமா தெரியறது. பழையபடி ஒரே அச்சா மாட்டிக் குடுத்துடுங்கோ. ஹாட் ராடுன்னா அச்சு வெளியில தெரியணும்.”

“மெட்ரோக்காரன் தோண்டி வெச்சிக்கீற ரோட்ல ஒரு சக்கரம் பள்ளத்துல எறங்குனா, இன்னொன்னும் கூட சேந்து அழுவும். தெரியுமா தம்பி?”

“பரவாயில்ல பாய். லுக்குதான் முக்கியம்.”

அசிங்கம் என்ற சொல் வலியுல்லாவுக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. அன்று சோறு இறங்கவில்லை. மனைவி ஜைதூன் பீ மட்டும் அசரவில்லை. “அவுங்க வண்டி, அவுங்க இடுப்பு. உங்களுக்கு இன்னா?” என்று குழம்பை ஊற்றினாள்.

ஒப்புக்கொண்டார். ஆனால் மனசுக்குள் ஒரு திட்டம் இருந்தது. ஒரு மாசம் குலுங்கட்டும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்பனும் பிள்ளையும் வந்து நிற்பார்கள், பழையதையே மாட்டு பாய் என்பார்கள். கழற்றிய பாகங்களுக்குக் கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, தன் நாற்காலிக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டார். பழைய இரும்புக்காரன் இரண்டு தடவை கேட்டும் கொடுக்கவில்லை. புது அச்சைக் கொஞ்சம் கோணலாக உட்கார வைத்தால் என்ன என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. கை கேட்கவில்லை. தூக்குக்குண்டு கட்டி, இரண்டு பக்கமும் நாலு தடவை அளந்துதான் மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பீச் ரோட்டில் ட்ரையல். அச்சு தெரியும்படி வீடியோ எடுக்க வேண்டும் என்று அச்யுத் நடைபாதையில் இறங்கிக்கொண்டான். அம்பி ஓட்ட, வலியுல்லா கண்ணை மூடிக்கொண்டார். வண்டி தடதடவென்று பல்லை ஆட்டியது. வலியுல்லாவுக்குப் பரம திருப்தி.

“என்ன பாய், வலது பக்கமா இழுக்கறதே?” என்றார் அம்பி.

வலியுல்லாவின் வயிற்றில் பாலை வார்த்தது. “நான் அப்பவே சொல்லல சார்? யாரு கேட்டாங்கோ?” என்று துள்ளினார். ஆனாலும் தொழில் தொழில்தானே. “ஸ்டீரிங்க லேசா வுடுங்க, பாப்போம்” என்று கண்ணைத் திறந்தார்.

அம்பி விரல்களைத் தளர்த்தினார். வண்டி நூல் பிடித்தது போல் நேராகப் போயிற்று. மறுபடி பிடித்தார், வலது பக்கம் ஒதுங்கியது. விட்டார், நேராகப் போயிற்று. வலியுல்லா முதல்முறையாக அந்தக் கைகளைப் பார்த்தார். இரண்டும் அம்பிக்கே தெரியாமல் ஸ்டீரிங்கை வலது பக்கமாக அழுத்திக்கொண்டிருந்தன.

“சார்... அந்த ஜீப் சாமான் லெப்ட்ல இழுத்துச்சா?”

அம்பி ரோட்டைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. “கொஞ்சம்.”

“எப்பலேந்து?”

“நீங்க மாட்டின அன்னிலேந்து. ட்ரையல்ல கண்ண மூடிண்டு, சிரிச்சுண்டே வந்தேளே பாய். அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிச் சொல்றது? அப்புறம் பழகிடுத்து.”

டயர் தேய்ந்திருந்தாலாவது தெரிந்திருக்கும், அதுவும் தேயவில்லை. டம்ளர் கதையைச் சொல்லும்போதெல்லாம் இந்த மனுஷர் எதிரே உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறார். ஐந்தாறு வருஷமாக வலது தோள் குடைகிறது என்று அவர் சொன்னபோது, வலியுல்லாதான் யுனானி தைலம் வாங்கிக் கொடுத்து, ராத்திரி சூடுபறக்கத் தேய்க்கச் சொன்னார். வெட்கத்தில் காது மடல் எரிந்தது. கோபமும் வந்தது, யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

“சொல்லியிருக்கலாமே சார்” என்றார். “அரை நாள் வேல.”